வாத்தியாருக்கு ஒரு கட்டு நார்

சென்னியப்பன் வாத்தியார் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேள்வியோடு வந்தார். பதிலையும் கையோடு கொண்டுதான் வந்தார். வாத்தியார்கள் அப்படித்தான், விடை தெரியாத கணக்கைக் கேட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை.

மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருந்தது பள்ளி. வாசலில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. 'அக்கா பள்ளிக்கூடம்' என்றால் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார்கள்.

தவழும் குழந்தையிலிருந்து மீசை அரும்பும் பையன் வரை அங்கே இருந்தார்கள். பள்ளியை நடத்தும் வேலாத்தாள் எல்லாருக்கும் 'அக்கா'தான். நாற்பதை எட்டாத அந்தப் பெண்ணை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தலை நரைத்த சென்னியப்பனும் அக்கா என்றே கூப்பிட வேண்டியிருந்தது. முதல் நாள் நாக்கு கொஞ்சம் மக்கர் பண்ணியது.

"ஏனுங்கக்கா, ஒரு குழந்தைக்கு எப்பிடிங்க கத்துக் குடுக்கோணும்?"

வேலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தக் குழந்தைக்குங்க?"

"பொதுவாத்தானுங்க கேக்கறேன்."

"பொதுவான குழந்தைய நான் இதுவரைக்கும் பாத்ததில்லீங்களே."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளதைச் சொன்னார். "என் பேத்திக்குங்க. மிருதுளான்னு பேரு. இப்பத்தான் நடக்குது."

தாலுகாவிலேயே பேர் போன கணக்கு வாத்தியார் அவர். சென்னியப்பனிடம் படித்தால் கல்லும் பாஸாகும் என்று பேச்சு. சொந்த மகன் நந்தகுமாரும் அவரிடமே படித்தான். எல்லா வகுப்பிலும் முதல். இன்ஜினியர் ஆனான், கல்யாணம் ஆனது, சொந்த வீடு கட்டினான். வெள்ளையடிக்க வந்த பெயின்டர், "சார், உங்களுக்கு எந்தக் கலர் புடிக்கும்?" என்று கேட்டார்.

நந்தகுமார் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, எனக்கு எந்தக் கலருங்கப்பா புடிக்கும்?"

தமாஷ் பண்ணுகிறார் என்று பெயின்டர் சிரித்தார். நந்தகுமார் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றான். சென்னியப்பன் "நீலம்" என்றார். வீடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம் எந்த நாளும் சரியாக இறங்கவில்லை.

"தை பொறந்ததும் மருமகளும் வேலைக்குப் போயிருவா. புள்ள எங்கிட்டத்தான் வளரோணும். அதுவும் ஒரு நாள் வந்து, அப்பாரு, எனக்கு என்ன புடிக்கும்னு கேட்டுருச்சுன்னா..."

வேலாத்தாள் உள்ளே போனாள். ஒரு கட்டு தேங்காய் நாரைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதத் திரிங்க."

"எதுக்குங்க?"

"இங்க பெரியவங்க யாரும் வெறுங்கையோட குழந்தைங்ககிட்டப் போறதில்லீங்க. ஒத்தாசை பண்ணச் சொல்லி கை துறுதுறுங்கும். அப்ப ஒரு சாண் திரிங்க."

ஊர்ப்பக்கம், வாய் கூசாமல் பொய் சொல்கிறவனைத்தான் கயிறு திரிக்கிறான் என்பார்கள். வாழ்நாளில் ஒரு பொய் மார்க் போடாத மனிதருக்கு இந்த வயதில் அமைந்த வேலையைப் பாருங்கள். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று சென்னியப்பனுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். இருந்தாலும் நாரை எடுத்துக்கொண்டு தவழும் குழந்தைகளின் அறைக்குப் போனார்.

அந்த அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே ஒரு நிலைப்படி இருந்தது. உயரம் ஒன்றும் பெரிதில்லை. தவழும் குழந்தைக்கு அது மலை.

கோகிலா என்ற குழந்தை படிக்கு முன்னால் இருந்தது. கையைப் படிமேல் வைக்கும், ஒரு காலைத் தூக்கும், வழுக்கிப் பின்னால் உட்காரும். மறுபடி கை, மறுபடி கால். மூச்சு முட்ட முட்ட முக்கியது. சென்னியப்பன் ஒரு சாண் திரித்தார். இன்னொரு சாண் திரித்தார். மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பார்? நாரைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தையை அலாக்காகத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

குழந்தை மலங்க மலங்கப் பார்த்தது, ஊர் மாறி இறங்கிவிட்ட பயணி போல. பிறகு திரும்பிப் படியைப் பிடித்துக்கொண்டு வீறிட்டது.

சத்தம் கேட்டு வேலாத்தாள் வந்தாள்.

"படியத் தாண்ட முடியாமத் தவிச்சுதுங்கக்கா. தூக்கி விட்டேன். அதுக்குப் போயி இந்த அழுகை."

"தூக்கச் சொல்லி உங்ககிட்டக் கைய நீட்டுனாளுங்களா?"

"இல்லீங்க."

"அப்ப அவ வேலையில இருந்திருக்கறா. நீங்க புடுங்கிட்டீங்க."

"வெளிய போகத்தானுங்க அத்தன பாடு..."

"எடுத்த எடத்துலயே வெச்சிருங்க."

அவர் குழந்தையைத் திருப்பி உள்ளே வைத்தார். அழுகை நின்றது. கை படிமேல் ஏறியது.

அதன் பிறகு நடந்ததை சென்னியப்பன் பின்னாளில் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் கேட்கிறவர்களுக்குத் தோன்றும். கோகிலா வழுக்கினாள். தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள், அது யாருடைய முழங்கால் என்பது போல. வயிற்றைப் படிமேல் ஏற்றிப் பார்த்தாள். நெற்றி இடித்தது, அழலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, நேரமில்லை என்று விட்டுவிட்டாள். வெயில் முற்றத்தின் பாதியிலிருந்து வாசல் வரை நகர்ந்து வந்தது. வாத்தியாரின் மடியில் கயிறு வளர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு சமயத்தில், எப்படி என்று தெரியாமல், அவள் அந்தப் பக்கம் இருந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. அவளும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துத் தனக்குத்தானே ஒரு சிரிப்பு சிரித்தாள். பிறகு திரும்பி, அதே படியில் ஏறி உள்ளே வந்து, மறுபடி வெளியே போனாள். மறுபடி உள்ளே வந்தாள்.

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காலமெல்லாம் வகுப்பெடுத்தவர் அவர். ஒரு மனித உயிர் ஒன்றைக் கற்றுக்கொள்வதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்.

"அக்கா, புரிஞ்சு போச்சுங்க," என்றார் சாயங்காலம். "கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கோணும். அவ்வளவுதானுங்க?"

வேலாத்தாள் சிரித்தாள். "நல்லாத் திரிச்சிருக்கீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு கட்டு நாரை எடுத்து வைத்தாள்.

ஐப்பசி மழையில் ஓடை பெருகியது. பெரிய பிள்ளைகளுக்கு அக்கரையில் தனி இடம். அவர்களே காய்கறி போட்டு, அவர்களே சமைத்து, அவர்களே சண்டை போட்டு, அவர்களே சமாதானம் ஆகிக்கொள்வார்கள். வெள்ளம் வந்தால் ஓடையில் மிதித்து வரும் கற்கள் மூழ்கிவிடும். ஊர்ப்பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். அதனால் மூங்கிலும் கயிறும் கொண்டு ஒரு நடைபாலம் கட்டுவதென்று முடிவு பண்ணியிருந்தார்கள். ஓடை எவ்வளவு அகலம் என்று அளந்து சொல்லும் வேலையை இக்கரையில் இருந்த இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளிடம் விட்டிருந்தார்கள். ஓடையில் இறங்காமல் அளக்க வேண்டும்.

சென்னியப்பனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. கணக்கல்லவா! பிள்ளைகளோடு கரையில் போய் உட்கார்ந்தார். கையில் நார். வாயைத் திறப்பதில்லை என்று சபதம் வேறு.

ஒரு பையன் கல்லில் நூல் கட்டி எறியலாம் என்றான். பிள்ளைகள் வாத்தியாரைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று விட்டார்கள். ஒருத்தி குச்சிகளை நட்டுப் பார்க்கலாம் என்றாள். வாத்தியாரைப் பார்த்தார்கள். எல்லாரும் குச்சிக்கு ஓடினார்கள். குச்சியை இடது பக்கம் நட்டார்கள், பார்த்தார்கள், பிடுங்கினார்கள். வலது பக்கம் நட்டார்கள், பார்த்தார்கள், அப்படியே விட்டார்கள். மத்தியானச் சோற்றுக்குள் விடை வந்துவிட்டது. சரியான விடை.

சென்னியப்பன் வேலாத்தாளிடம் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கையும் நார்லதானுங்க இருந்துச்சு. வாயே தொறக்கலீங்கக்கா. தானா கண்டுபுடிச்சுட்டாங்க!"

"அப்பிடிங்களா. நாளைக்குச் சித்தத் தள்ளி, அந்த வளைவுல அளக்கச் சொல்றேன். நீங்க புளியமரத்துக்குப் பின்னால உக்காந்து கேளுங்க."

மறுநாள் அவர் மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தார். பிள்ளைகள் வளைவுக்கு வந்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. குச்சி நடும் சத்தம்கூட இல்லை.

வேலாத்தாள் போய்க் கேட்டாள். "என்ன கண்ணுகளா, அளக்கலையா?"

"வாத்தியாரு எங்கீங்கக்கா?" சுகந்தி என்ற சிறுமி கேட்டாள்.

"அவரு எதுக்கு?"

"அவரு இல்லாம எப்பிடிங்கக்கா? மூஞ்சி சுருங்குனாத் தப்பு, விரிஞ்சாச் சரி. நேத்து அப்பிடித்தான் கண்டுபுடிச்சோம். இன்னைக்கு மூஞ்சியே இல்லியே."

கேலியாகச் சொல்லவில்லை. குச்சி இல்லை, நூல் இல்லை என்பது போலத்தான் சொன்னாள்.

மரத்துக்குப் பின்னால் சென்னியப்பனின் கை நின்றுவிட்டது. பழைய நாள் நினைவுக்கு வந்தது: வீட்டுக் கூடத்தில் மேசைக்கு இந்தப் பக்கம் நந்தகுமார், அந்தப் பக்கம் அவர். பையன் ஒரு வரி எழுதுவான், தலையைத் தூக்கி அப்பாவைப் பார்ப்பான். இன்னொரு வரி எழுதுவான், பார்ப்பான். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். அவருக்கும் பெருமையாக இருக்கும். அவன் நோட்டில் படிக்கவே இல்லை. அத்தனை வருஷமும் அவர் முகத்தைத்தான் படித்தான். அந்தப் பெயின்டர் கேட்ட அன்றும் அதைத்தான் படித்தான்.

வேலாத்தாள் மரத்தைச் சுற்றி வந்தபோது அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

"கையக் கட்டலாங்கக்கா. வாயப் பொத்தலாம். இந்த மூஞ்சிய எங்கீங்க கொண்டு போயி வெப்பேன்?"

கீழே விழுந்து கிடந்த நாரை எடுத்து அவள் மறுபடி அவர் மடியில் வைத்தாள்.

"கைக்கு மட்டும் வேல வேணும்னா ஒரு பந்தக் குடுத்திருப்பேனுங்க. இது குனிஞ்சாத்தான் திரிக்க வரும்."

அன்றிலிருந்து வாத்தியார் குனிந்தார். கஷ்டம்தான். பிள்ளைகள் தப்பாகப் பேசுவது காதில் விழும், புருவம் துடிக்கும், இன்னும் கொஞ்சம் குனிவார். முதலில் பிள்ளைகள் பக்கத்தில் வந்து கீழே குனிந்துகூடப் பார்த்தார்கள். கயிற்றைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அலுத்துப்போய் ஓடையைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நூல் கட்டிய கல் ஓடை நடுவிலேயே விழுந்தது. தென்னை மரத்தை மனசுக்குள் சாய்த்துப் பார்த்தார்கள். மரம் எவ்வளவு உயரம் என்று தெரியாமல் அதுவும் நின்றது. அழுதார்கள், கட்டிப் புரண்டார்கள், வேலையை விட்டுவிட்டு நண்டு பிடிக்கப் போனார்கள், திரும்பி வந்தார்கள். சரியான வழியை ஒரே வார்த்தையில் சொல்லிவிட அவருக்கு நாக்கு அரிக்கும். கயிறு நீண்டுகொண்டே போனது.

ஒரு நாள் காலையில் சுகந்தி கரையில் நின்று, வெயிலுக்காக நெற்றியில் கையை வைத்து அக்கரையைப் பார்த்தாள். கை தாழ்ந்து, அதன் விளிம்பு அக்கரை மண்ணைத் தொடுவது போல் தெரிந்தது. அப்படியே அசையாமல் நின்றாள்.

"ஏய், யாரும் பேசாதீங்க," என்றாள்.

நெற்றியில் வைத்த கை வைத்தபடி, தலை சாயாமல், மெதுவாகத் திரும்பினாள். பின்னால் சமதரையாகக் களம் இருந்தது. இப்போது கையின் விளிம்பு களத்தில் ஓரிடத்தைத் தொட்டது.

"டேய், ஓடு! இன்னும் போ, இன்னும்... அங்கயே நில்லு!"

ஒரு பையன் போய் நின்றான். சுகந்தி கையை எடுத்துவிட்டு, தான் நின்ற இடத்திலிருந்து அவன் வரைக்கும் அடி வைத்து அளந்தாள்.

"ஓடையும் இவ்வளவுதான்! நாம அங்க போகல. அக்கரை இங்க வந்துருச்சு!"

சென்னியப்பனின் தலை தன்னை அறியாமல் நிமிர்ந்துவிட்டது. ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கரும்பலகையில் அவர் ஆயிரம் முறை வரைந்த இரண்டு முக்கோணங்கள், ஒன்று தண்ணீர்மேலும் ஒன்று களத்து மண்மேலுமாக, அங்கே கிடந்தன. இந்தச் சின்னப் பெண்ணின் உள்ளங்கையிலிருந்து இறங்கிப் படுத்திருந்தன. சர்வசம முக்கோணம் என்று எத்தனை வகுப்பில் ஒப்பிக்க வைத்திருக்கிறார்! அதை ஒருத்தி நிற்கவைத்துத் திருப்பிப் பார்க்க முடியும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அது வந்தது. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. கையில் நார் இருந்தது.

"அதுக்கு ஒரு பேரு இருக்குதுங்கக்கா," என்றார் வேலாத்தாளிடம். "போயிச் சொல்லட்டுங்களா?"

"அவளே கேக்கறப்பச் சொல்லுங்க."

அவள் கேட்கவே போவதில்லை என்றுதான் அவர் நினைத்தார். மறுநாள் சுகந்தி வந்து அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாத்தியாரே, எல்லா எடத்துலயும் இது சரியா வருமுங்களா? ஏனுங்க வருது?"

காலமெல்லாம் கேள்வி கேட்டவர் அவர்தான். பிள்ளைகளின் வேலை பதில் சொல்வது. ஏன் என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டி ஒரு குழந்தை தன்னைத் தேடி வந்து உட்காருவது இது முதல் தடவை. நாரை ஓரமாக வைத்துவிட்டு, மண்ணில் கோடு போட்டுச் சொன்னார். பேரையும் சொன்னார். அவள் அந்தப் பேரை நெல்லிக்காய் மாதிரி வாயில் போட்டு இரண்டு மூன்று தடவை உருட்டிப் பார்த்தாள். அந்த ஒரு பாடத்துக்கு ஈடாகத் தன் மொத்தச் சர்வீஸையும் கொடுத்துவிடலாம் என்று சென்னியப்பனுக்குத் தோன்றியது.

அக்கரைப் பிள்ளைகள் பாலத்தைக் கட்டினார்கள். கைப்பிடிக் கயிறு தேடி, அவர்களில் மூத்தவளான தமயந்தி வந்தாள். பெரியவர்கள் திரித்ததையெல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு வாத்தியாரின் கயிற்றை எடுத்துக்கொண்டாள்.

"நல்ல முறுக்கா இருக்குதுங்க. நெறையப் பொறுத்திருக்கீங்க போல," என்று சிரித்தாள்.

போன வருஷம் அவர்கள் கட்டிய பாலம் வெள்ளத்தோடு போய்விட்டது என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அது நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?" என்று வேலாத்தாளைக் கேட்டார்.

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா விட்டீங்க?"

"எல்லாத்துக்கும் நீச்சல் தெரியுமான்னு மட்டும் பாத்துக்கிட்டேன்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள். "அந்த மழையில நான் திரிச்ச கயிறு, கெணத்துல கெடக்குது பாருங்க. ஊர்லயே நீளமான கயிறு அதுதான்."

தை பிறந்தது. ஓடை கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது. நந்தகுமார் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தான்; தேய்த்த பேண்ட், தேய்த்த சட்டை. மிருதுளாவைக் கீழே இறக்கிவிட்டதும் அவள் பாலத்தைப் பார்த்துத் தத்தித் தத்திப் போனாள்.

"அப்பா, இவள உங்ககூட வீட்டுல விடறதா, இந்தப் பள்ளிக்கூடத்துலயே சேக்கறதான்னு இவங்கம்மா கேக்கறா. உங்ககிட்டக் கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். சேக்கலாமுங்களா?"

கேட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

இங்கேயே சேர்த்துவிடு என்று சென்னியப்பனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இதற்காகத்தானே இத்தனை நாளும் காத்திருந்தார். ஒரு தலையசைப்பு போதும். பிள்ளை இங்கே வந்துவிடும். அவர் நாரை எடுத்துக் குனிந்து திரிக்கத் தொடங்கினார்.

"உனக்கு என்ன தோணுது?" என்று கயிற்றைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குங்களா?"

"உனக்குத்தான்."

நந்தகுமார் குனிந்து அவர் முகத்தைப் பார்க்க முயன்றான். அவர் இன்னும் குனிந்தார். அவனும் இன்னும் குனிந்தான். பார்க்கிறவர்களுக்கு அப்பனும் மகனும் கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்திருக்கும்.

"சொல்லுங்கப்பா."

சென்னியப்பன் இன்னொரு சாண் திரித்தார்.

"என்னங்கப்பா இது? பொறந்ததுல இருந்து எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொன்னீங்க. இப்ப வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. இந்தக் கயித்தக் கட்டிக்கிட்டு அழறதப் பாக்கறதுக்கா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?"

அவன் அப்பாவிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. சென்னியப்பன் குனிந்தபடியே திரித்தார்.

அந்த நேரத்தில் மிருதுளா பாலத்துக்கு ஏறும் படியில் கை வைத்துவிட்டாள். ஏறினாள், வழுக்கினாள், மண்ணில் உட்கார்ந்தாள்.

நந்தகுமார் ஓடினான். தூக்கக் கையை நீட்டியவன், பாதியில் நிறுத்தி இங்கே திரும்பிப் பார்த்தான்.

"அப்பா, தூக்கட்டுங்களா?"

இங்கே குனிந்த தலையும் நகரும் விரல்களும் மட்டும்தான் தெரிந்தன.

அவன் மகள் பக்கம் திரும்பினான். மிருதுளா கையை நீட்டவில்லை. அழவில்லை. மண் ஒட்டிய உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி படியைப் பிடித்தாள். நந்தகுமாரின் கைகள் காற்றிலேயே நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கின. தேய்த்த பேண்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வேலாத்தாள் ஒன்றும் பேசாமல் போய் ஒரு கட்டு நாரை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. கை தானாக எடுத்து உருட்டத் தொடங்கியது.

மிருதுளா காலை மாற்றி வைத்தாள். வயிற்றால் ஏறினாள். சறுக்கினாள். தாத்தா திரித்த கயிற்றின் நுனி ஒன்று பாலத்திலிருந்து தொங்கியது. அதை எட்டிப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

நந்தகுமாரின் கையில் நார் ஒரு சாண் கயிறாகியிருந்தது.

"அப்பா." நந்தகுமாரின் குரல் தாழ்ந்து, புதிதாக இருந்தது. "நான் ரெண்டு நாள் இங்க இருந்து பாக்கறேன். அதுக்கப்பறம் நானே சொல்றேன்."

அவன் இன்னொரு நாரை எடுத்துச் சேர்த்தான்.

"அப்பறம்... அந்த வீட்டு நீலம் எனக்குப் புடிக்கவே இல்லீங்கப்பா."

சென்னியப்பனின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று நார்மேல் கொட்டியது. சந்தோஷம் முகம் முழுக்கப் பரவிவிட்டது என்று அவருக்கே தெரிந்தது. அதை அவன் பார்த்துவிடக் கூடாதே என்று முகவாய் நெஞ்சில் முட்டும்வரை குனிந்தார். பக்கத்தில் வந்து நின்ற வேலாத்தாளிடம் கிசுகிசுத்தார்.

"இன்னும் எத்தன நேரங்கக்கா இப்பிடியே குனிஞ்சிருக்கறது?"

"நிமிருங்க," என்றாள் வேலாத்தாள். "அவரு உங்களப் பாக்கல."